ராகிக் குழிக்கு ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்

மே 9, 1938. திங்கள்.

தாலுகா கச்சேரிக்கு வந்து சேரும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மணி பத்துதான். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடைவாய்ப் பல் வலி, மூன்றாம் நாள். கிராம்பு வைத்தேன். பல் அப்படியே இருக்கிறது, நாக்குதான் பொத்துப்போனது.

வேலை: குழிச் சாவு கேஸ். தமிழ் வாக்குமூலம் ஒன்பது. எல்லாம் இங்கிலீஷில், வியாழனுக்குள். அன்று ஜமாபந்திக்கு, கிராமக் கணக்குத் தணிக்கைக்கு, சப் கலெக்டர் துரை முகாம் வருகிறார். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்தது.

சனிக்கிழமை சிரஸ்தாரோடு அந்தக் கிராமத்துக்குப் போய் வந்ததை எழுத நேற்று மனசில்லை. இன்று எழுதித் தொலைக்கிறேன். மாஜிஸ்திரேட் என்ற முறையில் விசாரித்தது அவர். வாக்குமூலங்களை எழுதியது நான். இந்த மனிதரின் உத்தியோகப் பெயரை முழுக்க எழுதக் கை கூசுகிறது. இனி சி. போதும்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்தில் ராகியைப் பூமிக்குள் குழி வெட்டிக் கொட்டி வைக்கிறார்கள். வாய் குறுகல், ஓர் ஆள் இறங்கும் அளவு. உள்ளே அகலம். மேலே கல் மூடி, அதன் மேல் மண். நாலைந்து வருஷம் ஆனாலும் தானியம் கெடாது. ஆனால் உள்ளே இருக்கிற காற்று மனிதனுக்கு ஆகாது. மூடியைத் திறந்து ஒரு பகல் முழுக்க ஆறவிட்டு, விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். மாடு மேய்க்கிறவர்களுக்கும் தெரிந்த காரியம்.

போன வியாழன் காலை பண்ணைக்காரர் தோட்டத்துக் குழியில் பண்ணையாள் சடையன் இறங்கினான். ஏறவில்லை. தம்பி சின்னான் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கி, அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். சடையன் பெண்சாதி பாவாயி போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்தார் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். அண்ணன் பிணம். தம்பிக்கு வெகுநேரம் கழித்து நினைவு வந்தது. நினைவு வந்ததும் போலீஸ் வந்தது.

பண்ணைக்காரர் போலீஸில் கொடுத்த பிராது: வீட்டில் மகள் கல்யாணம். எல்லோரும் வீட்டுக்குள் வேலையாக இருந்தோம். ஆள் பார்க்காத சமயம் அண்ணனும் தம்பியும் குழியைத் திறந்து ராகி திருட இறங்கினார்கள். மேற்படி சின்னான் இப்போது சப் ஜெயிலில்.

பட்டப்பகலில், தோட்டத்து நடுவில், கல் மூடியைப் புரட்டி, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்து திருட்டு. இதை சி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

பிணம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில், வேப்பந்தழைக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் அறுத்துத் திரும்பி வந்தது. சி. பார்க்கும்வரை புதைக்கக் கூடாது என்று உத்தரவு. சி. பார்த்த நேரம் ஒரு பொடி போடுகிற நேரம். பிறகு பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் சாப்பாடு. பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். "வெல்லம் நயம்" என்றார். நான் மோரும் ஒரு வாழைப்பழமும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. சீ.

திரும்பும் வழியில் வண்டிக்காரன் சொன்னது: "வேலையில செத்தா கலியாண ஊட்டுக்கு ஆகாதுங்க. கலியாணத்தத் தள்ளி வெக்கோணும். திருடப் போயிச் செத்தா ஊட்டுக்கு ஒண்ணுமில்லீங்க."

சி. அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அல்லது தூங்குவதுபோல இருந்தார்.

மே 10. செவ்வாய்.

காற்றே இல்லை. புளிய இலை அசையவில்லை. மசியில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள். பல் அப்படியே.

மூன்று வாக்குமூலம் முடிந்தது. ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டேன். சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். மூச்சு முட்டி, மூச்சடைத்து, மூச்சு திணறி, மூச்சு நின்று. இங்கிலீஷில் எது? அகராதியைத் திறந்தால் பாதிப் பக்கம் கரையான். மிச்சமிருந்ததையும் எனக்குத் தெரிந்ததையும் வைத்து:

சோக் - தொண்டையில் ஏதாவது அடைத்தால். மீன் முள், சோறு. புகைக்கும் வரும். சாக்கடைக்கும் வரும்.
ஸ்ட்ராங்கிள் - கழுத்து. கை அல்லது கயிறு. செய்கிறவன் ஒருவன் வேண்டும்.
ஸ்மதர் - முகத்தின் மேல் தலையணை, துணி.
ட்ரவுன் - தண்ணீர். வேறெதற்கும் இல்லை.
அஸ்ஃபிக்ஸியா - டாக்டர் சர்ட்டிபிகேட்டில் போடுவது. கிரேக்கமாம். செத்தவனுக்கு ஒரு மரியாதை.
சஃபோகேட் - காற்றில்லாமல். இதுதான்.

இந்தக் கடைசிச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லலாம். ஒருவன் இன்னொருவனை சஃபோகேட் செய்யலாம். ஒருவன் தானாகவும் சஃபோகேட் ஆகலாம், நடந்தான், தூங்கினான் என்பதுபோல. நம் பேச்சில் மூச்சுதான் முட்டும், மூச்சுதான் நிற்கும். மனிதன் பேரில் பழி இல்லை. இங்கிலீஷில் மூச்சையே காணோம். ஆள்தான் முன்னால் நிற்கிறான், எல்லாவற்றையும் அவனே செய்துகொண்ட மாதிரி. பதினாறு வருஷம் இந்தப் பாஷையில் சோறு தின்றிருக்கிறேன். இன்றுதான் இதைக் கவனித்தேன். கவனித்து என்ன?

பகல் ஒரு மணிக்கு பாவாயி வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். நாலு மைல் தூரம் நடந்து வந்திருக்கிறாள். சி. உள்ளே விடவில்லை. அவள் வாக்குமூலத்தில் எஜமானி அம்மாள் சொல்லித்தான் குழியைத் திறந்ததாக இருந்தது. அழுகிற வாயில் வருவதெல்லாம் சாட்சியம் ஆகாது என்று சனிக்கிழமையே அதை அடிக்கச் சொல்லிவிட்டார்.

நான் வெற்றிலை போட வெளியே போனபோது எழுந்து வந்தாள். அழவில்லை. வெயிலில் கண் சுருங்கியிருந்தது.

"செத்தவரு செத்துட்டாருங்க சாமி. எம்பட ஊட்டுக்காரரத் திருடன்னு எழுதிப் போடாதீங்க. கொழுந்தன உட்டுருங்க. அண்ணனுக்கு மண்ணள்ளிப் போடக்கூட அவன உடலீங்க."

எழுதுவது நான், தீர்ப்புச் சொல்வது நானில்லை என்றேன். எத்தனை சுலபமாக வந்தது வாயில். அவள் ஆமாங்க என்று திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை இருந்தாள்.

மே 11. புதன்.

ஏழாவது வாக்குமூலம். பண்ணைக்காரர் சம்சாரம்.

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாவிட்டால் தொண்டையில் நிற்கிறது.

சனிக்கிழமை அந்த அம்மாளை சி. ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டார். வீட்டுக்குள் இருந்தேன், ஒன்றும் தெரியாது என்றார். முடிந்தது என்று எழுந்தார் சி. எனக்குத்தான் நாக்கு நிற்கவில்லை. இந்தப் பக்கத்தில் குழிக்குள் விளக்கு இறக்கிப் பார்க்கிற வழக்கம் இல்லையா என்று கேட்டேன். வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. நான் சேலம் பட்டணத்தில் வளர்ந்தவன், தெரிந்துகொள்ளக் கேட்டது.

அந்த அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வழக்கம் தெரியாத குடும்பம் என்று சொன்னதாக நினைத்தார். கதவுக்குப் பின்னால் இருந்தவர் முன்னால் வந்துவிட்டார்.

"ஏனுங்க, முகூர்த்தக்கால் நட்ட ஊட்டுல, வெளக்கக் குழிக்குள்ள எறக்கி அணைய உடுவாங்களா? அவன் எறக்கறேன்னுதான் நின்னான். நாந்தானுங்க வேண்டான்னேன். கால நேரத்துலயே தொறந்தாச்சு, சும்மா எறங்குடான்னேன்."

நான் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று தெரிந்தது. குழிவாயில் நின்று இறங்கச் சொன்னது இந்த அம்மாள். அப்படியானால் திருட்டு எங்கே? பண்ணைக்காரர் தன் சம்சாரத்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பாவம், அந்த அம்மாளுக்கு இன்னும் தெரியாது தான் சொன்னது என்னவென்று. குடும்ப மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் உள்ளே போனார்.

சி. கனைத்தார். "சாயபு, அது வேண்டாம். பெண்டுகள் மூடநம்பிக்கையெல்லாம் ரிகார்டில் எதற்கு? சுத்தப்பிரதியில் விட்டுவிடும்." இன்று மறுபடியும் ஞாபகப்படுத்தினார். மேஜை மேல் ஒரு விரலால் தட்டினார். அவ்வளவுதான்.

விட்டுவிட்டேன். தமிழ்ச் சுத்தப்பிரதியிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. "வீட்டுக்குள் இருந்தேன். ஒன்றும் தெரியாது." என் எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருக்கிறது. கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். சனிக்கிழமை எழுதின கச்சாத் தாளைக் கிழித்துப் போட எடுத்தேன். போடவில்லை, பையில் இருக்கிறது. ஏன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. தைரியம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு கூத்து. இறந்த விதத்துக்கு நான் சஃபோகேட் போட்டிருந்தேன். சி. அதை அடித்து சோக் போட்டார். தந்தியில் பார்த்திருக்கிறாராம், சின்னச் சொல், எழுத்துக் குறைச்சல். நானும் சரி என்றேன். ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பதற்குத் தந்தி விதி.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பல்வலி என்றேன். சம்சாரம் நம்பினாள்.

பாவாயி இன்றும் வந்தாள். பார்க்காததுபோல பின்வாசல் வழியாகப் போனேன்.

மே 12. வியாழன்.

துரை வந்தாயிற்று. கச்சேரிக்கு நேற்றே சுண்ணாம்பு அடித்தார்கள். வௌவால் நாற்றம் சுண்ணாம்புக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. தோரணம், கோழி எட்டு, முட்டை, பால், குதிரைக்குக் கொள்ளு, பங்களாவுக்கு ஐஸ் சேலத்திலிருந்து லாரியில் மரத்தூளில் வைத்து. சி. புதுத் தலைப்பாகை. கிராமக் கர்ணங்களெல்லாம் மூட்டை மூட்டையாகக் கணக்குக் கட்டு சுமந்து வாசலில்.

மூன்று மணிக்குத் துரை கூப்பிட்டனுப்பினார். குழிக் கேஸ் கட்டைத் திறந்து வைத்திருந்தார். சிவப்புப் பென்சில்.  கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடித்தது சோக் என்ற சொல்லை.

யார் போட்டது இது என்றார். சி. பக்கத்திலேயே நின்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. நான்தான் என்றேன். தொண்டையில் முள் இருந்ததா? இல்லை. சோறு அடைத்ததா? இல்லை. பிறகு ஏன் சோக்? சி.யைப் போகச் சொல்லிவிட்டு என்னை நிற்க வைத்து இருபது நிமிஷம் பாடம் நடத்தினார். நல்ல வாத்தியார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உதாரணம். தலையணையால் கொன்ற கதை ஒன்று. சீமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்தவர்கள் கதை ஒன்று. களை மண்டிப் பயிர் சஃபோகேட் ஆகலாம். சின்ன ஊரில் மாற்றலாகி வந்த இளம் ஆபீஸர் சஃபோகேட் ஆகலாம், அதற்குச் சாக வேண்டியதில்லை என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உத்தியோகச் சிரிப்பு.

பேச்சு நடுவில் பங்கா விசிறி நின்றுவிட்டது. கயிறு அறுந்ததாம். ஒரு நிமிஷம். துரை காலரைத் தளர்த்திக்கொண்டு, இந்த அறை சஃபோகேட் செய்கிறது என்றார். அதே சொல். சடையனுக்குப் போட்ட அதே சொல்லைத் தன் வேர்வைக்கும் போட்டுக்கொண்டார். தப்பு இல்லை, அகராதியில் இருக்கிறது. 

அறையில் நானும் அவரும்தான். அந்தத் தாள் பையில் இருந்தது. சொல்லவில்லை. சரி ஸார், இனி கவனமாக இருக்கிறேன் ஸார். அடித்த இடத்தில் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அழகான எழுத்து என்றார்.

நாய்க்குக் கூட இத்தனை பயம் இராது.

மே 13. வெள்ளி.

காலையிலிருந்து அனல் காற்று. ஜும்மாவுக்குப் போனேன். பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் அத்தர் நெடியில் தலை வலித்தது.

வெளியே வந்தால் கடைவீதி முனையில் பாவாயி. சப் ஜெயிலுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். இரண்டு பிள்ளைகளில் சின்னதை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் என்னவோ தெரியவில்லை, கொழுந்தன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். இருமுகிறானாம். குழியில் பட்டது இன்னும் நெஞ்சில் இருக்கிறதாம்.

"பெரிய சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். துரையைத்தான் பெரிய சாமி என்கிறாள். சொல்கிறேன் என்றேன். முதலில் வாயில் வந்துவிட்டது. பிறகுதான் அர்த்தம் தெரிந்தது.

நாலு மணி. பங்களா. வேறு ஒரு கட்டுக்காகத்தான் போனேன். துரையே குழிப் பேச்சை எடுத்தார். இந்த ஜனங்களுக்குக் குழிக்குள் காற்றைச் சோதித்துப் பார்க்கிற வழி ஒன்றும் தெரியாதா என்றார். ஜனங்கள் மேல் பரிதாபம். முட்டாள்கள் என்று சொல்லாமல் சொல்வது.

தெரியும் ஸார், விளக்கு இறக்குவார்கள் என்றேன். பிறகு ஏன் இறக்கவில்லை? வீட்டில் கல்யாணம், விளக்கு அணைந்தால் அபசகுனம் என்று வீட்டம்மாள் தடுத்துவிட்டார் ஸார்.

துரை முகம் மலர்ந்துவிட்டது. டிராயரிலிருந்து பச்சை அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். இந்த ஜில்லா வழக்கங்களையெல்லாம் குறித்து வைக்கிறாராம், ஊருக்குத் திரும்பியதும் புத்தகம் போட. கேள்வி மேல் கேள்வி. விளக்கு மண்ணா பித்தளையா? விளக்கெண்ணெயா நல்லெண்ணெயா? கயிறு யார் பிடிக்க வேண்டும்? துக்க வீட்டிலும் இறக்கலாமா? விளக்கை அணைக்கிறது என்று சொல்லாமல் வேறு மாதிரி சொல்வீர்களாமே, அது என்ன? அரை மணி. நானும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். தெரியாததற்கு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். சடையன் என்ற பேர் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. டீ கொடுத்தார். குடித்தேன்.

டீயைக் குடித்து முடித்து, கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது சொன்னேன். "அந்த அம்மாள் சொன்னது என்னிடம் எழுத்தில் இருக்கிறது ஸார்." தாளை எடுத்து வைத்தேன்.  ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். சொன்னேன். சும்மா இறங்குடா என்பதற்கு மட்டும் சரியான இங்கிலீஷ் கிடைக்கவில்லை.

துரை பென்சிலைக் கீழே வைத்தார்.  பிறகு, அப்படியானால் இந்த அம்மாள் குழிவாயில் நின்றிருக்கிறாள் என்றார். ஆமாம் ஸார். அப்படியானால் திருட்டு இல்லை. ஆமாம் ஸார். விடுகதையை விடுவித்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். இது ஏன் பிரதியில் இல்லை என்று கேட்டார்.  பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சி.யைக் கூப்பிடச் சொன்னார்.

மே 14. சனி.

திருட்டுக் கேஸ் தள்ளுபடி. சி. தன் கையாலேயே எழுதினார். மூஞ்சி கரிச்சட்டி. "பிரதி எடுக்கும்போது குமாஸ்தா கைப்பிசகு" என்று துரையிடம் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா நான். இருக்கட்டும்.

முடிவுக் குறிப்பு துரையே சொன்னார், நான் எழுதினேன். சடையன் தன் எஜமானர் வேலையாகத் தானியக் குழியில் இறங்கி சஃபோகேட் ஆகி இறந்தான். யார் பேரிலும் குற்றம் இல்லை.

யார் பேரிலும் இல்லையா ஸார் என்று கேட்டேன். இரண்டு நாளில் இத்தனை துணிச்சல் எனக்கு. வழக்கம் குற்றமாகாது என்றார். சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல் சரியாக இருக்கிறதல்லவா என்றார். இருக்கிறது ஸார். எத்தனை சரி. காற்றில்லை, ஆள் செத்தான், பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த அம்மாள் மறுபடியும் வீட்டுக்குள் போய்விட்டார்.

பகல் இரண்டு மணிக்கு சின்னானை விட்டார்கள். ஒல்லியான ஆள், கழுத்தில் எலும்பு தெரிகிறது. வாசலில் நின்று இருமினான். பாவாயி சொல்லியிருப்பாள்போல, நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். சே சே எழுந்திருங்கள் என்றேன். சொன்னேனே தவிர, உடனே விலகவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் ஷவரம் செய்துகொண்டேன். மல்லிகைப்பூ வாங்கினேன். என்ன விசேஷம் என்றாள் சம்சாரம். கேஸ் கதையைச் சொன்னேன். சோக் பற்றிச் சொன்னேன், துரை முகம் மாறியதைச் சொன்னேன். புதன்கிழமை நான் அந்த வரியை விட்டுவிட்டு எழுதியதைச் சொல்லவில்லை. பின்வாசல் வழியாகப் போனதையும்.

பல்வலி விட்டுவிட்டது. இதற்குக்கூட நான் நல்லவன் ஆனதுதான் காரணம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனுஷப் புத்தி.

மே 16. திங்கள்.

துரை முகாம் கிளம்பியாயிற்று, நாமக்கல் பக்கம். அவர் வண்டிப் புழுதி அடங்குமுன் சி. என் மேஜையை ரிகார்டு அறைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லை. பழைய கட்டு, பூச்சி மருந்து, எலிப் புழுக்கை. "அங்கே நிம்மதியாக மொழிபெயர்க்கலாம், சாயபு." இருமல் வருகிறது. அந்த வினைச்சொல்லை எனக்கே போட்டுப் பார்க்கச் சமயம். வேண்டாம். துரையின் வேர்வையைக் குறை சொன்னவன் நான்.

அந்தக் கிராமத்துத் தலையாரி தபாலோடு வந்தான். விசாரித்தேன். கல்யாணம் புதன்கிழமை, நடக்கிறது. திருட்டு இல்லை என்று ஆனதும் தோஷம் என்னவாயிற்று என்றேன். ஐயரை வைத்துக் கழித்தாயிற்றாம். அதற்கும் வழி இருக்கிறது பாருங்கள், ஒரு ஓமம். பிறகு எதற்கு ஒருவனை ஜெயிலில் போட்டார்கள்?

குழி இன்னும் அப்படியே. ஒருவரும் இறங்க மாட்டேன் என்கிறார்கள். காற்றுப் பட்டுவிட்டது, இனி வைத்திருந்தால் தானியம் முழுக்கப் பாழ் என்று பண்ணைக்காரர் கத்துகிறாராம். கத்தட்டும். எனக்கென்ன?

பாவாயி குடும்பம் எங்கே என்றேன். அங்கேயேதான், பண்ணைக்காரர் நிலத்துக் குடிசையில். ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று வேறு பண்ணையில் சேர்க்கவில்லை. வேறு எங்கே போவார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டான்.

மே 19. வியாழன்.

இரண்டு சொட்டுத் தூறல். சூடு இன்னும் கிளம்பிவிட்டது.

கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டு கச்சேரிக்கு வந்தது. தேங்காய், பழம், மஞ்சள், ஆளுக்கொரு துண்டு. சி.க்கு ஜரிகை வைத்தது. எல்லோரும் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. கச்சேரி முழுக்க என்னைப் பார்த்தது. வாங்கவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்களா என்று நானும் பார்த்தேன். பத்து நாளாக இந்த நோட்டில் எல்லோரையும் திட்டி எழுதுகிறேன். என்னைவிட ருசித்துத் திட்டுகிறவன் யாரும் இல்லை.

மே 21. சனி.

அரை நாள் கச்சேரி. ரிகார்டு அறையிலிருந்து வெளியே வந்ததும் நல்ல பசி. பல்வலி போன பிறகு வயிறார இன்றுதான் உட்கார்ந்தேன்.

சம்சாரம் களி கிண்டியிருந்தாள். கீரைக் குழம்பு. களி கருகருவென்று, பளபளப்பாக, கையில் ஒட்டவில்லை. மணம் தெருவரை. இரண்டு உருண்டை தின்றேன். நன்றாக இருக்கிறது, எந்தக் கடை ராகி என்றேன்.

கடையா, குழி ராகிங்க என்றாள். உங்களைத் தேடி ஒரு ஆள் காலையில் வந்தான், நீங்கள் ஜெயிலிலிருந்து விடுவித்தீர்களே அந்த ஆள், இருமிக்கொண்டே நின்றான். மூன்று வள்ளம் ராகி, துணியில் முடிந்து கொண்டுவந்தான்.

அவனுக்கு ஏது ராகி என்றேன். கூலியாம். அவன்தான் இறங்கினானாம். இறங்கவில்லை என்றால் குடிசையை விட்டுப் போகச் சொன்னார்களாம். முந்தாநாளும் நேற்றும் இறங்கி முழுக் குழியையும் அள்ளிப் போட்டானாம். அவன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "மேலாக்கக் கெடந்தது அண்ணன் படுத்துக் கெடந்ததுங்க, அது வேண்டாம். சாமிக்குன்னு அடியில போயி அள்ளியாந்தேன்னான்."

அடியில் போய்.

விளக்கு இறக்கிப் பார்த்தானா என்று கேட்டாயா என்றேன். அதை நான் எதுக்குக் கேட்கிறது என்றாள். அவன் கூலி மொத்தமே அந்த மூன்று வள்ளம்தானா என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. ஏன் இப்படி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், கல் கில் கடித்துவிட்டதா என்றாள்.

மூன்றாவது உருண்டை தட்டில். எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன், கொட்டிவிட.  கொட்டவில்லை. அங்கேயே நின்றபடி தின்று முடித்தேன்.